மூன்றரை தௌ

டூல் தொட்டுவிட்டது. முதலில் ஒரு சீறல், பிறகு அது அடங்கி ஒரே சீரான உரசல். இனி இருபது நிமிஷம் இதில் கை வைக்கக்கூடாது. கை வைத்தால் இந்தப் பரீட்சைக்கு மதிப்பில்லை. இரண்டு இஞ்ச் கனத்தில் பத்து இஞ்ச் நீளத்துக்கு ஒரு தண்டு. ஒரு முனையை லேத்தின் சுழலும் பிடி, சக்கு, கவ்வியிருக்கிறது, மறு முனை எதன் மேலும் சாயாமல் காற்றில் சுற்றுகிறது. டூல் அந்த வெளிமுனையில் ஆரம்பித்துச் சக்கை நோக்கி நத்தை மாதிரி நகர்கிறது, தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவிக்கொண்டே. முடிந்ததும் மைக்ரோமீட்டரை எடுத்து இரண்டு முனையையும் அளப்பேன். இரண்டும் ஒன்று என்றால் மெஷின் நேர். மெஷின் நேர் என்றால் நஞ்சப்பன் கோணல். முப்பத்தொரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை இந்த இரும்பு சொல்லிவிடும். பதினொன்றரைக்கு அவன் வருகிறான். இப்போது பத்து நாற்பது. வந்ததும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். தண்டை அவன் கையில் கொடுப்பேன், மைக்ரோமீட்டரைக் கொடுப்பேன், பக்கத்தில் அந்தத் தகட்டை வைப்பேன். அளந்து பார்த்துக்கடா. அதற்கப்புறம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தை நான் மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், பல் விளக்கும்போது, ரேஷன் கடை வரிசையில், என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் போன பிறகு தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போது. ஒவ்வொரு தடவையும் அவன் தலையைக் குனிவான். சில தடவை அழுவான். ஒரு தடவை காலில் விழவே வந்துவிட்டான், நான்தான் போகட்டும் என்று விட்டேன்.

சுருள் நன்றாக வருகிறது, மெல்லிசாக, அறுந்து போகாமல். இந்த லேத்து சீமையிலிருந்து வந்தது. பேர் எழுதிய தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து, எந்த ஊர், எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. கணபதியில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையை மூடி இடத்தை இடித்தபோது முதலாளியின் மகன் எல்லா மெஷினையும் பழைய இரும்புக்குப் போட்டான். நான் போய் இதை மட்டும் கேட்டேன். கிரேன் வைத்துக் கொண்டுவந்து, மருமகன் கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று கட்டிய இந்த போர்ட்டிகோவில் இறக்கினேன். அவன் காரும் வாங்கினான், இந்தப் பக்கம் வருவதும் குறைந்துபோனது. மகள் மஞ்சுளா அப்போது திருப்பூரிலிருந்து போன் போட்டு, "எதுக்குங்ப்பா இந்த வயசுல இதெல்லாம்?" என்று கேட்டாள். "பொழுது போகோணுமல்ல" என்றேன். பொய். நான்கு போல்ட்டைக் கழற்றிப் பார்க்கத்தான் வாங்கினேன். சக்கைச் சுற்றவைக்கும் தலைப்பகுதி இருக்கிறதே, ஹெட்ஸ்டாக்கு, அதை அடியில் நீளமாகக் கிடக்கும் பெட்டோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டு. ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயிற்று. முதல் மாதம் முழுக்கத் துருதான். டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பக்கத்து வீட்டம்மா நாற்றம் தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தியவள் இன்னும் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் செயின் பிளாக் மாட்டி ஹெட்ஸ்டாக்கைத் தூக்கினேன். அடியில், பின் மூலையில், அது உட்காரும் சரிவில், ஒரு பித்தளைத் தகடு எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளம், நகத்தகலம், காகிதத்தை விட மெல்லிசு. நாலு மூலையும் அரம் போட்டு உருட்டியிருந்தது. நஞ்சப்பன் கை. அவன் கை வைத்த எதிலும் கூர் மூலை இருக்காது. இவனிடம் செங்கல்லைக் கொடுத்தாலும் மூலையைத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுப்பான் என்று பட்டறையில் கேலி செய்வோம். ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் ஒரு ஓரத்தில் தகடு சொருகினால் தலை திரும்பும். தலை திரும்பினால் நேராகக் கடையவே கடையாது. அன்றைக்கு நான் ஒருவனே நின்றுகொண்டு, இந்த போர்ட்டிகோவில், கை தட்டினேன்.

தகடு இப்போது ஒரு பொடி டப்பாவுக்குள் இருக்கிறது, ஜன்னல் மேடையில். அதை எடுத்துவிட்டு, பெட்டையும் சரிவையும் நீல மை பூசிப் பார்த்து, மை பட்ட மேடுகளை ஸ்கிராப்பரால் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி, இரண்டு முட்டியும் போய்விட்டது. தகடு இருந்த இடத்தில் மட்டும் மை படவே இல்லை. ஒரு பள்ளம். தகடு இத்தனை வருஷம் உட்கார்ந்து தின்ற தடமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தகடு இரும்பைத் தின்னுமா? தின்னும். முப்பத்தொரு வருஷத்தில் எதுவும் எதையும் தின்னும்.

முழுசாக ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், அவன் எதிரில் நிற்கும்போது குழறக்கூடாது. இந்த மெஷினில் பகலில் நான், மூன்று மணிக்கு மேல் நஞ்சப்பன். பதினாறு வருஷம் அப்படித்தான். அவன் விட்ட சூட்டில் நான் கைப்பிடியைப் பிடிப்பேன் என்று சொல்லமுடியாது, இடையில் ஒரு ராத்திரி இருக்கும், ஆனாலும் அப்படித்தான் இருக்கும். தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளாவுக்குக் காது குத்து. நஞ்சப்பனை முதல் ஆளாகக் கூப்பிட்டேன். சனிக்கிழமை சாயந்திரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எனக்குக் கொஞ்சம் வேல கெடக்குது ஆறு, நான் வராட்டி ஒண்ணும் நெனச்சுக்காத" என்றான். என்னை ஆறு என்று கூப்பிட அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஆறுச்சாமி. வரவில்லை. தெய்வாத்தாள் அவன் பங்குக்குக் கறியும் சோறும் தூக்குப்போசியில் எடுத்து வைத்துச் சாயந்திரம் வரை மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே இருந்தான்? லீவு நாளில் பட்டறையைத் திறந்து என் மெஷினில் ஸ்பேனர் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்டோர் பொன்னுச்சாமி கண்ணால் பார்த்தான். "சொல்லப்படாது ஆறுச்சாமிண்ணா, ஹெட்டையே அசைச்சு அசைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தானுங்." திங்கள், செவ்வாய் நான் நாற்பத்திரண்டு புஷ், ஷாஃப்ட் நுழைகிற இரும்புக் குழல், கடைந்தேன். புதன்கிழமை நாற்பத்திரண்டும் திரும்பி வந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு புஷ்ஷை எடுத்து அதற்குள் ஷாஃப்டைச் செருகினார். பாதி போனது, நின்றுவிட்டது. வாய் பெரிசு, உள்ளே சிறிசு. "என்ன ஆறுச்சாமி, இது புஷ்ஷா, புனலா?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நஞ்சப்பன் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குற்றம் உள்ளவன் தரையைத்தான் பார்ப்பான். நான் வாய்ப்பக்கம் மட்டும்தான் கேஜ் போட்டுப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். வாயில் போனால் உள்ளேயும் போகும் என்று மெஷினை நம்பினேன், பதினாறு வருஷம் நம்பின மெஷின். காது குத்துக்கு முந்தின வியாழக்கிழமை வந்த சத்தம் வேறு. அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் புதன்கிழமையே ஏப்ரனைக் கழற்றி முதலாளி மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதம் நஞ்சப்பன் போர்மேன். எதற்கு அந்தத் தகடு என்று இப்போது புரிகிறதா? எட்டாவது பெயிலான எனக்கே புரிந்தது.

சத்தம் மாறிவிட்டதா? இல்லை. மோட்டார்தான். மோட்டாரும் புதுசு, அதை ஓட்டும் டப்பாவும் புதுசு. பழைய பட்டை பெல்ட்டையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டேன். வீட்டுக் கரண்டில் மூன்று பேஸ் மோட்டார் ஓட இந்த டப்பா வேண்டும். குமிழைத் திருகினால் வேகம் கூடும், குறையும், சிவப்பு எண்ணில் எரியும். மாட்டிக் கொடுத்தவன் அந்தோணி. பேச்சுக்காரன். நஞ்சப்பன் வீட்டுக்கும் அவன்தான் வயரிங்காரன் என்று எனக்கு முதலில் தெரியாது. போன வாரம் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, "ஏனுங்ண்ணா, நஞ்சப்பண்ணன் கேட்டாருங், அந்தப் பெரிய லேத்து உங்ககிட்டத்தான் இருக்குதுங்களாமா?" என்றான். "வேணும்னா கண்ணால வந்து பார்த்துக்கச் சொல்லு" என்றேன். "கூப்புட்டீங்கன்னு சொல்லட்டுங்ளா?" "கூப்பிடல. பார்த்துக்கச் சொல்லுன்னேன்." "ரெண்டும் ஒண்ணுதானுங்ளே?" "ஒண்ணில்ல. நீ ஒயரைப் பாரு." மறுநாள் வந்து, "ஞாயித்துக்கெழமை பதினொன்றரைக்கு வர்றாருங். வெளிய போறதேயில்லைங், நீங்க கூப்புட்டீங்கன்னதும் சட்டையை அயர்ன் பண்ணச் சொல்லிப்போட்டாரு" என்றான். நான் கூப்பிடவில்லை. இதை அவன் வந்ததும் முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லை, பேசவே மாட்டேனே.

கடைசியாக அவனை நேரில் பார்த்தது தெய்வாத்தாள் செத்த அன்று. எட்டு வருஷம். ஆண்களெல்லாம் பந்தலில் வரிசையாக வந்து கை நீட்டுகிறார்கள், நான் ஒவ்வொரு கையாகத் தொட்டு விடுகிறேன், யார் கை என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு கை வந்தது, இரண்டும் சேர்ந்து, கட்டைவிரலில் அந்தப் பழைய காய்ப்பு. முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. நான் திரும்பி, நன்றாகத்தான் இருந்த பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்து அவிழ்த்து மறுபடி கட்டினேன். அந்தக் கை அப்படியே நின்றது. கடைசியில் பக்கத்தில் நின்ற என் மருமகன் தொட்டு அனுப்பினான். சாவு வீட்டில் நீட்டின கையைத் தொடாமல் விட்டவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சரி, இருக்கட்டும். அன்றைக்கு ராத்திரி எல்லோரும் போன பிறகு வீடு முழுக்க யாரும் இல்லை, நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? அவனோடுதான். வந்துட்டயாக்கும், பெரிய மனுஷன், அவ கையில ஒரு வாய்ச் சோறு திங்க வராதவன் அவளைத் தூக்க மட்டும் வந்துட்டயாக்கும் என்று விடியும் வரை. நினைத்துப் பார்த்தால் தெய்வாத்தாளோடு பேசியதை விட அவனோடு பேசியதுதான் கூட இருக்கும். இன்றைக்கு அவன் ஒத்துக்கொண்டு போய்விட்டால் நாளைக்குக் காலையில் பல் விளக்கும்போது என்ன பேசுவேன்? இது என்ன நினைப்பு. டூல் பாதி தாண்டிவிட்டது.

போன். மஞ்சுளா. "அப்பா, சாப்பிட்டீங்ளா?" "ஓடிக்கிட்டிருக்குது." "என்னங்ப்பா ஓடுது?" "லேத்து." "கேட்டது சாப்பிட்டீங்ளான்னு. சரி, அதுகூடவே பேசிக்கிட்டிருங்க, அதுதான் உங்களுக்கு மக. அந்தப் போட்டோவ எடுத்து அனுப்பச் சொன்னனே, அனுப்புனீங்ளா? பாப்பாளுக்குத் தேதி வெச்சாச்சு, என்ற காது குத்துன போட்டோவ எல்லாருக்கும் காட்டோணும்." அவள் மகளுக்குக் காது குத்து. ஹாலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து இங்கேதான் ஜன்னல் மேடையில் வைத்தேன், பொடி டப்பா பக்கத்தில். "அனுப்பறன்" என்கிறேன். "எப்போங்?" "இப்போத்தான், இரு." வைத்துவிட்டாள், பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். கண்ணாடி மேல் எண்ணெய்க் கை பட்டுவிட்டது. வேட்டி நுனியால் துடைக்கிறேன். தாய்மாமன் மடியில் மஞ்சுளா வாயைத் திறந்து அலறுகிறாள், ஆசாரி காதைப் பிடித்திருக்கிறார், தெய்வாத்தாள் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள், ஆனால் விரல் சந்தில் பார்க்கிறாள். நான் குனிந்து குழந்தையின் இரண்டு காலையும் பிடித்திருக்கிறேன். தலைமுடி எவ்வளவு எனக்கு. இந்தப் போட்டோவைத் தினமும் பார்த்திருக்கிறேன், பார்த்ததே இல்லை. என் வலது ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது. என்ன அது? புஷ் வாயின் பிசிறு கிழித்தது. இதோ, தழும்பு இருக்கிறது. நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ, ஓரம் தேய்க்க மறந்து கையில் எடுத்தேன், எலும்பு தெரிந்தது, ஸ்டோரில் பொன்னுச்சாமிதான் துணி சுற்றிவிட்டான். நாளைக்கு விசேஷத்தை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்ளே என்று. நாளைக்கு விசேஷம் என்றால். அன்றைக்குச் சனிக்கிழமை என்றால். நாற்பத்தொன்றாவது புஷ் சனிக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் போட்டவன்

சக்கு!

லீவரைத் தட்டிவிட்டேன். நின்றது. டூலுக்கும் சக்கு தாடைக்கும் நடுவில் ஒரு விரல் போகாது. கொஞ்சம் விட்டிருந்தால் மோதியிருக்கும், தடாலென்று, மறுபடி. மறுபடி என்று யார் சொன்னது. யாரும் சொல்லவில்லை. மோட்டாரை நிறுத்துகிறேன். சிவப்பு எண் இறங்கி இறங்கி சைபரில் நிற்கிறது. மணி பதினொன்று. இரும்பு ஆறட்டும், சூட்டோடு அளந்தால் தப்பாகக் காட்டும். ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் என்ன செய்வது? போட்டோவைக் கவிழ்த்து வைக்கிறேன். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய நாள் கிழமையெல்லாம் யாருக்குச் சரியாக ஞாபகம் இருக்கும், துணி வேறு எதற்காவது சுற்றியிருப்பேன். சக்குப் பக்கம் முதலில். மைக்ரோமீட்டரின் நுனி க்ளிக் என்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, எண்ணைச் சாக்பீஸால் தரையில் எழுதுகிறேன். அடுத்து வெளிமுனை. க்ளிக். ஒரு இஞ்சை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் தௌ. மூன்றரை தௌ வித்தியாசம். மறுபடி அளக்கிறேன். மூன்றரை. தண்டை அரைச் சுற்று திருப்பி அளக்கிறேன். மூன்றரை. பெட் முறுக்கியிருக்கும், தரை இறங்கியிருக்கும். ரசமட்டத்தை எடுத்து இந்தக் கோடியில் வைக்கிறேன், அந்தக் கோடியில் வைக்கிறேன், குமிழி நட்ட நடுவில் நிற்கிறது, நான் வைத்த மட்டம் எப்படி அசையும்? டூல் மழுங்கியிருக்கும். நகத்தில் வைத்துப் பார்க்கிறேன், சீவுகிறது, நான் தீட்டின டூல். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஒன்றையும் பாக்கி விடாமல் செய்துவிட்டேன், குறை சொல்ல ஒரு இடம் மிச்சம் வைக்கவில்லை. எந்தப் பக்கம் தடிப்பு? வெளிமுனை. வாய்ப்பக்கம். வாய் பெரிசு, உள்ளே சிறிசு. இது புஷ்ஷா, புனலா. அதே பக்கம், அதே கோணல். தகடு இல்லாமல் இந்த மெஷின் இன்றைக்குக் கடைந்த மாதிரியேதான் அன்றைக்கும் கடைந்திருக்கிறது. அப்படியென்றால் நான் புஷ் கடையும்போது தகடு உள்ளே இல்லை.

இருபது நிமிஷம் இருக்கிறது. ஒரு வழி இருக்கிறது. எந்தக் கடைசல்காரனுக்கும் தெரிந்த வழி. மோட்டாரைப் போட்டு, எமரித் தாளை மடித்து, தடித்த முனையில் பிடித்தால் போதும், பத்து நிமிஷத்தில் மூன்றரை தௌ கரைந்து போகும். இரண்டு முனையும் ஒன்றாகிவிடும். மைக்ரோமீட்டருக்கு அரம் தெரியுமா, எமரி தெரியுமா. யாரைக் கேட்டுக்கொண்டு கை தாளை மடிக்கிறது? குமிழைத் திருகுகிறேன், சிவப்பு எண் ஏறுகிறது. தாள் பட்டதும் வேறு வாசனை, எரிந்த எண்ணெய். இரும்புத்தூள் கறுப்பாக விரலில் அப்புகிறது. நான் பேசிய பேச்செல்லாம் வீணா, எத்தனை காலை, எத்தனை சாயந்திரம், எத்தனை தடவை அவன் அழுதிருக்கிறான் என் முன்னால். அதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது. சூடு. தாள் வழியாகச் சூடு ஏறுகிறது, சரியாக ஆள்காட்டி விரலில், தழும்பில், அந்த இடத்தில் மட்டும் தோல் மெல்லிசு. வியாழக்கிழமை. சரி, வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரம், எல்லோரும் வெளியே. நான் டூலைச் சுமந்து நகரும் கேரேஜைத் தானாக ஓடவிட்டுவிட்டு, பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். நகைக்கடை ரோஸ் காகிதம். டூல் பெட்டி மேல் வைத்துப் பிரித்தேன். மஞ்சுளாவுக்குக் கம்மல், மல்லி விதை அளவு, இரண்டு. கையில் எடுத்தால் நழுவிவிடும் போல இருந்தது, அதனால் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு எப்போதும் இருந்ததில்லை. அப்போதுதான் சத்தம். கேரேஜ் போய்ச் சக்கில் மோதி, பெல்ட் கழன்று, தலையே கிடுகிடுத்து நின்றது. கம்மல் சிதறி இரும்புச் சுருளுக்குள் விழுந்தது. நான் மெஷினைப் பார்க்கவில்லை, முட்டி போட்டுக் கம்மலைத் தேடினேன். இரண்டும் கிடைத்துவிட்டது. பெல்ட்டை மாட்டினேன், சுற்றியது. யாருக்கும் சொல்லவில்லை. வெள்ளி, சனி, நாற்பத்திரண்டு புஷ், வாய்ப்பக்கம் மட்டும் கேஜ், வீட்டுக்குப் போகிற அவசரம். வியாழன், வெள்ளி அவன் லீவு. சனிக்கிழமை சாயந்திரம் அவன் மெஷினுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்ததும் தெரிந்திருக்கும், என் கையை அறிந்தவன். எனக்குக் கொஞ்சம் வேல கெடக்குது ஆறு.

கேட் சத்தம். நான் குமிழைத் திருப்பவில்லை, தாளை மட்டும் எடுத்துவிட்டேன், தண்டு சும்மா சுற்றுகிறது. செருப்பை இழுத்து இழுத்து வருகிறான். எவ்வளவு மெலிந்துவிட்டான். சட்டைக் கையில் அயர்ன் மடிப்புக் கத்தி மாதிரி நிற்கிறது. வாசலில் நின்றவன் என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்க்கிறான், தலையிலிருந்து கால் வரை. மெதுவாக உள்ளே வந்து, தானாகவே கையை நீட்டி மோட்டார் குமிழை எப்படியென்று ஒரு நொடி தடவிப் பார்த்து, நிறுத்துகிறான். குனிந்து தண்டின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறான், சக்குப் பக்கத்திலிருந்து வெளிமுனைக்கு. முனையில் நகம் நிற்கிறது.

"இந்த முனைல எமரி போட்டிருக்க."

எமரித் தாளை முதுகுக்குப் பின்னால் மடிக்கிறேன்.

"எத்தன தௌ இருந்துச்சு?"

"மூணரை."

முப்பத்தொரு வருஷத்தில் அவனிடம் வாய்விட்டுச் சொன்ன முதல் சொல் இது. எத்தனை ஒத்திகை பார்த்தேன், அதில் எதிலும் இது இல்லை.

"தகட்டக் கழட்டிப்போட்டயா?"

"ம்."

"எதுக்குடா கழட்டுன?" கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறான். "அது இல்லாம இது நேரா நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா ஆறு? உனக்குத் தெரியும்னல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். மெஷின மோதவிட்டுப்போட்டு வெளிய சொல்லமுடியாம வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிட்ட, நாம போய் நின்னா இன்னும் கூசிப்போவான்னு, சரி அவனா வருவான், அவனா வருவான்னு..." மூச்சு வாங்குகிறது. "வாராமயே போயிட்டயேடா."

ஜன்னல் மேடையிலிருந்து டப்பாவை எடுக்கிறேன். மூடி திறக்க வரவில்லை, விரலெல்லாம் கறுப்பு, வழுக்குகிறது. அவன் வாங்கித் திறக்கிறான். தகட்டை உள்ளங்கையில் கொட்டி, மூலையைக் கட்டைவிரலால் தடவுகிறான், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இவன் என் முன்னால் அழவேண்டியவன். காலில் விழவேண்டியவன். அழவில்லை. தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வானோ என்று பார்க்கிறேன், எதற்கோ பயமாக இருக்கிறது, டப்பாவிலேயே திருப்பி வைத்துவிட்டான். பிறகு சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, எதையோ தேடி, மூன்றாவது தாடையில் நிறுத்துகிறான். அங்கே ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. ஒரு வருஷம் இரண்டு மாதம் இந்த மெஷினில் ஒவ்வொரு நூலாகத் தேய்த்தேன், அந்த இடத்தில் மட்டும் என் கை போகவில்லை. அவன் விரல் நேராக அங்கே போகிறது. அதில் விரலை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கேட்கிறான்.

"பெரிய சத்தமோ அன்னிக்கு?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தெய்வாத்தாள்கூட. கம்மலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தேன்.

"பெருசு" என்கிறேன்.